செய்திகள் முடிந்தன என்று இப்போது யாரும் சொல்வதில்லை

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை ராத்திரி நான் தூங்கவில்லை. கரூரில் விஜய் கட்சிக் கூட்டத்தில் நெரிசல் என்று டிவியில் முதலில் ஓடியபோது மணி எட்டரை இருக்கும். சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தவள் கை காய்ந்துபோகும் வரை எழுந்திருக்கவில்லை. திருச்சியிலிருந்து கரூர் இரண்டு மணி நேரத் தூரம்தான். ஒரு காலத்தில் அங்கே ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குக்காக மாதம் ஒருமுறை போய்வந்துகொண்டிருந்தேன், அதனால் திரையில் வந்த ஒவ்வொரு தெருவும் நான் நடந்த தெரு மாதிரியே தெரிந்தது. எதிரே டிவி, கையில் போன், போனில் நாலைந்து இடம் மாற்றி மாற்றி. பத்துப் பேர் என்றார்கள், இருபதைத் தாண்டியது என்றார்கள், முப்பது என்றார்கள். நடுநடுவே செருப்புகள் சிதறிக் கிடந்த சாலை, ஆம்புலன்ஸ், ஒரு அப்பா ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற படம். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

விடியற்காலை நாலு மணிக்குப் படுத்தேன். ஞாயிறு முழுக்க அதேதான். திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு சின்ன நிறுவனத்தின் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை நாலு முறை கூட்டினேன், நாலு முறையும் வேறு வேறு தொகை வந்தது. பதினெட்டு வருடமாக ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இப்படி ஆனதில்லை.

அந்த ராத்திரி நான் அழுததில் தவறு எதுவும் இல்லை. 41 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் உண்டு, அவர்கள் எல்லாரும் நாம் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பார்க்கிற மனிதர்கள். மனசு கலங்கத்தான் வேண்டும். ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் நான் பார்த்த ஆறரை மணி நேரம் யாருக்கு என்ன செய்தது என்று யோசித்தால் பதில் இல்லை. ஏன் நடந்தது, யார் பொறுப்பு என்று அந்த ராத்திரியே திரையில் அடித்துப் பேசியவர்கள் ஒருவருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாநில அரசு ஒரு நபர் ஆணையம் போட்டது, அப்புறம் அக்டோபர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விசாரணையை சிபிஐ கையில் கொடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மேற்பார்வைக் குழுவும் வைத்தது. ஆணையமும் சிபிஐயும் தேட வேண்டியிருந்த விடையை, ராத்திரி ஒரு மணிக்கு நான் என் போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, அதோடு எல்லாவற்றையும் மூடிவிட்டேன். அக்டோபர் முதல் வாரத்தில் போனிலிருந்து செய்தி ஆப்கள் எல்லாம் போயின, டிவியில் பாட்டும் சமையலும் மட்டும், குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் சத்தம் நிறுத்தியாச்சு. யாராவது அரசியல் பேச ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. தூக்கம் வந்தது, கணக்கு ஒரே தடவையில் கூடியது. மழை நாட்களில் மாலையில் அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்த அந்த அக்டோபரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இனிமேல் இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

நவம்பர் 4ஆம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்தார், எனக்கும் என் கணவருக்கும் படிவம் கொடுத்தார், நிரப்பிக் கொடுத்தோம், ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். ஏதோ கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன். அம்மாவுக்கு ஓட்டு கும்பகோணத்தில். அப்பா 2022இல் போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாலும் ஓட்டை மட்டும் மாற்ற மாட்டேன் என்று பிடிவாதம், 2024 மக்களவைத் தேர்தலுக்கும் ஏப்ரல் 19 அன்று விடியற்காலைப் பேருந்தில் நாங்கள் இரண்டு பேரும் கும்பகோணம் போய், அம்மா மயிலாடுதுறை தொகுதிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். அம்மாவின் படிவம் அந்தப் பழைய வாடகை வீட்டுக்குத்தானே போகும், இருந்தால் இருக்கட்டும், தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

படிவம் நிரம்பித் திரும்பி வராவிட்டால் வரைவுப் பட்டியலில் பெயரே இருக்காது என்பதுதான் அந்த ஆறு வாரமும் எல்லாப் பத்திரிகையும் எல்லா சேனலும் சொன்ன ஒரே முக்கியமான விஷயம். அது எனக்குத் தெரியாது. நான்தான் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தேனே.

டிசம்பர் 19ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பெயருக்கு மேல் அதில் இல்லை, இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரண்டு இடத்தில் பதிவானவர் என்று காரணம் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை கும்பகோணத்திலிருந்து சித்தி போன் செய்தார். "அக்கா பேரு இல்லடி. நிரந்தரமா இடம்பெயர்ந்தவங்கன்னு போட்டு வெச்சிருக்கு. நீ பார்க்கலையா?"

அம்மா 1955இல் பிறந்தவர். அப்போதெல்லாம் ஓட்டுப்போட 21 வயது ஆக வேண்டும், அதனால் அம்மாவின் முதல் ஓட்டு அவசர நிலையின் கடைசியில் வந்த 1977 தேர்தல். அன்று தொடங்கி ஒரு தேர்தலையும் விட்டதில்லை. என் தம்பி வயிற்றில் இருந்தபோது வரிசையில் நின்று போட்டிருக்கிறார், அப்பாவுக்கு ஆபரேஷன் ஆன வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். சித்தி சொன்னதை நான் சொன்னதும் அம்மா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முன்னாடியெல்லாம் எந்நேரமும் செய்தியே கதின்னு கிடப்பியே, இது மட்டும் எப்படிடி விட்டுப்போச்சு?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. எந்நேரமும் பார்த்த காலத்திலும் எனக்குத் தேவையானது கிடைக்கவில்லை, பார்க்காமல் இருந்த காலத்திலும் கிடைக்கவில்லை. அப்படியென்றால் தப்பு அளவில் மட்டும் இல்லை, நான் செய்தியை எதற்காகப் பார்க்கிறேன் என்பதிலேயே இருக்கிறது.

அப்பா ஞாபகம்தான் வந்தது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதினார். காலை 7.15க்கு வானொலியில் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. "ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரல் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்கும், நடந்து போனால் ஒரு வரியும் விட்டுப்போகாது. அது முடிந்ததும் அப்பா குளிக்கப் போவார். கடைக்குப் போகிற வழியில் டீக்கடையில் தினத்தந்தி. ஒரு பேப்பர் ஐந்தாறு பேர் கையில் தாள் தாளாகப் பிரிந்திருக்கும், முதல் பக்கம் கைக்கு வரும் வரை நடுப்பக்கம் படித்துக் காத்திருக்க வேண்டும். ராத்திரி 9.15க்கு சிற்றலையில் பிபிசி தமிழோசை, அது இலங்கைச் செய்திக்காக. அந்தச் சேவையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதி நின்றபோது அப்பா வீட்டில் ஒருவர் போன மாதிரி இருந்தார். இவ்வளவுதான் அவருடைய செய்தி. கூட்டினால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வருமா என்பதே சந்தேகம். ஆனால் எங்கள் வார்டு கவுன்சிலர் முதல் டெல்லி அமைச்சரவை வரை யார் என்ன செய்கிறார்கள் என்று அப்பாவைக் கேட்டுத்தான் தெரு தெரிந்துகொள்ளும்.

அந்தச் செய்திகளுக்கு முடிவு என்று ஒன்று இருந்தது. செய்திகள் முடிந்தன என்று வானொலி சொல்லும். டீக்கடையில் கடைசிப் பக்கம் வந்துவிடும். அதற்கப்புறம் அடுத்த செய்தி வருகிற வரை மனிதர்களுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இடைவெளி கிடைத்தது, அந்த இடைவெளியில்தான் கேட்டதை யோசித்தார்கள், பேசினார்கள், தாலுகா ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தார்கள். என் கையில் இருக்கிற செய்திக்கு அடிப்பக்கமே கிடையாது, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. நான் பலவீனமானவள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, முடியவே முடியாத ஒன்றின் முன்னால் யார் உட்கார்ந்தாலும் இப்படித்தான் ஆவார்கள்.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு காரியம் செய்தேன். கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரிந்தது தலைப்பு பிரிப்பதுதான், எதையும் எந்தத் தலைப்பில் பதிவு செய்வது என்று பார்த்துவிட்டால் பாதி குழப்பம் தீரும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஏழு நாளும் மாலை ஒரு மணி நேரம் ஒரு செய்தி சேனலைப் போட்டு, வந்த ஒவ்வொன்றையும் எழுதினேன். நாலு தலைப்பு. நடந்தது, முடிவானது, ஒருவர் சொன்னது, யூகம். முடிவானது என்றால் தீர்ப்பு, அரசாணை, மசோதா, நிதி ஒதுக்கீடு, பணியிட மாற்றம் இந்த மாதிரி, நாளை யாருடைய வாழ்க்கையிலாவது கை வைக்கப்போகிற விஷயம். வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் மூன்றாவது தலைப்பும் நாலாவதும் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தன, முடிவானது என்ற தலைப்பில் பல நாள் இரண்டு வரிக்கு மேல் இல்லை. ஒரு தலைவர் காலையில் ஒன்று சொல்கிறார், மதியம் அதற்கு இன்னொருவர் பதில், சாயந்திரம் அந்தப் பதிலுக்குக் கண்டனம், ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் கண்டனம் சரியா தவறா என்று நாலு பேர் விவாதம். எங்கள் அலுவலகத்தில் ஒரே ரசீதை ஐந்து முறை பதிவு செய்திருந்தால் கணக்கைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

யூகம் என்ற தலைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், என் நேரத்தை அதிகம் தின்றது அதுதான். 2024 ஜூன் 1ஆம் தேதி சாயந்திரம் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் எக்ஸிட் போல் முடிவுகள் வந்தன. பாஜக கூட்டணிக்கு 350க்கு மேல், சிலர் 400 வரை. மூன்று நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அரசியல் சட்டம் மாறுமா, யார் யார் அமைச்சர், மாநிலங்கள் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டு நெஞ்சு அடைத்தது, என் எதிர்த்தரப்பில் இருக்கிற மாமாவோ அதே மூன்று நாளும் வெற்றிக் களிப்பில் இருந்தார். ஜூன் 4 அன்று எண்ணினார்கள். பாஜக 240, கூட்டணியாக 293. எனக்கு வந்த பயமும் மாமாவுக்கு வந்த சந்தோஷமும் இல்லாத ஒன்றைப் பற்றியவை. நான் சும்மா இருந்திருந்தாலும் ஜூன் 4 வந்திருக்கும். 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னாலும் யார் யாரோடு சேருவார்கள் என்ற கணக்கு தினமும் ஓடியது. கையெழுத்தாகித் தொகுதி பிரித்த அன்று படித்துக்கொள்கிறேன் என்று வைத்திருந்தேன்.

முந்திச் சொல்வதன் விபரீதம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2016 டிசம்பர் 5ஆம் தேதி எல்லாரும் பார்த்தோம். ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சாயந்திரமே சில சேனல்கள் சொல்ல, கட்சி அலுவலகத்தில் கொடி பாதிக்கு இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. ராத்திரி 11.30க்குத்தான் இறந்தார் என்று நள்ளிரவுக்கு மேல் அறிவித்தார்கள். அந்தச் சில மணி நேரம் ஊர் ஊராகக் கடை அடைத்து, பேருந்து நின்று, பிள்ளைகள் பள்ளியிலிருந்து எப்படி வருவார்கள் என்று தாய்மார்கள் தவித்த தவிப்பை நான் மறக்கவில்லை.

இதற்கு நேர் எதிராக, மெதுவாகப் படித்தால் எவ்வளவு தெளிவு வரும் என்பதற்கு ஒரு விஷயம். ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த மசோதா வழக்கு. இரண்டு வருடத்துக்கு மேல் அதைப் பற்றித் தினமும் ஏதாவது ஓடிக்கொண்டே இருந்தது, ராஜ்பவனில் ஒரு பேச்சு, அதற்கு அமைச்சர் பதில், அதற்கு ஒரு போஸ்டர். போன மாதம் நான் உட்கார்ந்து தேதிகளை மட்டும் எடுத்தேன். 2023 நவம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவி 10 மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார், பெரும்பாலும் பல்கலைக்கழகம், துணைவேந்தர் நியமனம் பற்றியவை. நவம்பர் 18 அன்று சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அவற்றை மறுபடி நிறைவேற்றியது, ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அப்படி அனுப்பியது செல்லாது, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது, காலக்கெடுவும் வைத்தது. குடியரசுத் தலைவர் அதன் மீது கேள்விகள் அனுப்ப, நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதி அமர்வு, நீதிமன்றம் இப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. அவ்வளவுதான். நாலு நாள் பேப்பரை ஒழுங்காகப் படித்திருந்தால் போதும், நடுவில் வந்த நூற்றுக்கணக்கான சண்டையில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் அழுத்தமான கருத்து உண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த சபை இரண்டு முறை நிறைவேற்றியதை ஒருவர் முடிவில்லாமல் வைத்திருப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். அந்தக் கருத்தும் இந்தத் தேதிகளைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு உருவத்துக்கு வந்தது. அதுவரை வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அக்காவிடமும் நான் கற்றுக்கொண்டேன். 2025 ஜூலையில் அரசின் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம் ஆரம்பித்தபோது எந்த வார்டில் என்றைக்கு முகாம், மகளிர் உரிமைத் தொகைக்கு மனு அங்கே வாங்குவார்களா, என்ன என்ன நகல் வேண்டும் என்று அவருக்கு விரல் நுனியில் இருந்தது. அன்றைக்கு அந்த மாதம் 1000 ரூபாய் அவருக்கு மளிகை. விவாத நிகழ்ச்சி ஒன்றைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை. டிசம்பரில் அம்மா விஷயம் கேட்டதும், "ஆறாம் நம்பர் ஃபாரம் கொடுக்கணும்மா, சனி ஞாயிறு ஸ்கூல்ல முகாம் இருக்கு, பயப்படாதீங்க" என்று தைரியம் சொன்னவரும் அவர்தான். செய்தியே பார்க்காமல் நிம்மதியாக இருக்கிறேன் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு இந்த அக்காதான் கண்முன் வருகிறார். அப்படி மூடி வைத்துக்கொள்ள அவரால் முடியாது. ஒரு தேதி தவறினால் அவருக்குப் பணம் போகும். என் அக்டோபர் நிம்மதிக்கு விலை கொடுத்தது அம்மா.

ஆகவே இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், யாருக்காவது உதவினால் சரி. காலையில் காகிதப் பேப்பர் திரும்ப வந்துவிட்டது. காபியோடு அரை மணி நேரம். உள் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், திருச்சிப் பக்கம், கோர்ட் செய்தி, மாநகராட்சிக் கூட்டம், டெண்டர் விளம்பரம்கூட. முதல் பக்கத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்குள் காபி முடிந்திருக்கும், அதனால் கத்தல் கொஞ்சம் குறைவாகக் காதில் விழுகிறது. போனில் எந்தச் செய்தியும் தானாக வந்து தட்டாது. ராத்திரி எட்டு மணி விவாதம் கிடையாது. இதில் எனக்குக் கொஞ்சம் கஷ்டம் இருந்தது, அது ஒரு பழக்கம், அந்த நேரம் வந்தால் கை ரிமோட்டைத் தேடும், அம்மாதான் பூ தொடுக்க உட்கார வைத்தார்.

எல்லாவற்றையும் தொடர்ந்து பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டேன். இரண்டே இரண்டு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். ஒன்று வாக்காளர் பட்டியல். இன்னொன்று உய்யக்கொண்டான் வாய்க்கால், சோழர் காலத்திலிருந்து திருச்சிக்குள் ஓடிவருகிற வாய்க்கால், இன்றைக்கு அதில் கலக்கிற சாக்கடை எங்கள் வீட்டு மொட்டை மாடி வரை நாறுகிறது. இந்த இரண்டிலும் யார் அதிகாரி, எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் துறை என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிய வேண்டும், தெரியாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் பேப்பர் அளவில் தெரிந்தால் போதும். பாலஸ்தீனமும் உக்ரைனும் எனக்கு வலிக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு நீளமான கட்டுரை உட்கார்ந்து படிக்கிறேன், வாரம் முழுக்க துண்டு துண்டாகப் பார்த்துப் பதறியதைவிட அதில் அந்த மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரிகிறது.

வாட்ஸ்ஆப் குடும்பக் குரூப்தான் பெரிய சோதனை. மாமாவை விட்டு விலக முடியாது, விலகவும் கூடாது. இரட்டை அம்புக்குறி போட்டு, பலமுறை அனுப்பப்பட்டது என்று வருகிற எதையும் நான் திறப்பதில்லை, யாருக்கும் அனுப்புவதும் இல்லை. குரூப்பில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு மாமாவுக்கு நேரே போன் செய்கிறேன். "மாமா, இது எந்தப் பேப்பர்ல வந்தது?" என்று கேட்பேன், அவர் யோசிப்பார், சில சமயம் அவரே அழித்துவிடுவார், சில சமயம் என்னைத் திட்டுவார். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தில், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த வாரங்களில் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற ஒலிப்பதிவு எங்கள் குரூப்பிலும் சுற்றியது, எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். அதை நினைக்காமல் இன்றுவரை அந்த அம்புக்குறியை என்னால் தொட முடிவதில்லை.

பெரிய சம்பவம் ஏதாவது நடந்தால் என்ன செய்வேன் என்று என் கணவர் கேட்டார். தெரியவில்லை, நெஞ்சு பதறினால் டிவியைப் போடத்தான் செய்வேன். ஒருமுறை பார்த்துவிட்டு, நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டு, ரத்தம் வேண்டும் என்றால் போய்க் கொடுத்துவிட்டு, படுக்கப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். மறுநாள் பேப்பரில் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

அம்மாவின் படிவத்துக்கு 2002, 2005 பழைய பட்டியலிலிருந்து விவரம் வேண்டியிருந்தது. ஒரு ராத்திரி, முன்பெல்லாம் விவாதம் பார்த்த அதே எட்டு மணிக்கு, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பகோணம் தொகுதியின் பழைய பட்டியலை ஒவ்வொரு பாகமாகத் திறந்து தேடினேன். தெருப் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆனது. வீட்டு எண் வந்தது, முதலில் அப்பா பெயர், அதற்கு அடுத்த வரியில் அம்மா பெயர், கணவர் என்ற இடத்தில் மறுபடி அப்பா பெயர். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு படித்தார். "இந்த வயசுல எவ்வளவு முடி இருந்துச்சு அவருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வார்டு பள்ளியில் முகாம். ஓட்டை இனிமேல் திருச்சியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சம்மதித்துவிட்டார், கும்பகோணத்துக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினெட்டு வயது ஆன ஒரு பெண், பின்னால் வீடு மாறி வந்த ஒரு குடும்பம். படிவம் 6, உறுதிமொழி, ஆதார் நகல், அந்தப் பழைய பட்டியலின் பக்கம், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். அலுவலர் பார்த்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா நகரவில்லை. "ரசீது கொடுங்க தம்பி" என்றார். கொடுத்தார். அதை நாலாக மடித்து, பர்ஸில் அப்பா போட்டோவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். 2026 பிப்ரவரியில் இறுதிப் பட்டியல் வரும் என்றார்கள், அடுப்படிக் காலண்டரில் அந்த மாதத்தை அப்போதே திருப்பி வட்டம் போட்டு வைத்தோம்.